கூடிப் பாடிய வரலாறு – 17: மூச்சும் லயமும்

சென்ற இதழில் மிலான் நகரத்து வீதியொன்றில் வாசகர்களை நிறுத்திவிட்டு வந்தேன். 1576-ஆம் ஆண்டின் இறுதியில், கொள்ளைநோய்க்கு அஞ்சி நகர மாந்தர் அனைவரும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அதிகாரிகள் உத்தரவு பிறப்பித்த பின்பு, ஆலயத்துக்கு வர இயலாத ஜனங்களிடம் ஆலயத்தையே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தீர்மானித்த பேராயர் சார்லஸ் பொரோமியோ, நாற்சந்திகளில் பலிபீடங்களை அமைப்பித்து, நாளொன்றுக்கு ஏழு முறை மணி அடிக்கச் செய்து, அந்த ஓசை கேட்டதும் ஒவ்வொரு குடும்பத்தாரும் தத்தம் சாளரத்திலோ வாயிற்படியிலோ நின்று, எதிர்வீட்டாரும் அண்டை வீட்டாரும் மறுமொழி பாட, மன்றாட்டு மாலைகளையும் சங்கீதங்களையும் முறை வைத்துப் பாடும்படி ஏற்பாடு செய்ததைக் கண்டோம். பிணவண்டிகள் போய்க்கொண்டிருந்த அதே வீதிகளில் நாள் முழுவதும் பாட்டொலி நிறைந்திருந்தது என்று அக்காலத்தில் உடனிருந்து பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த வீதிப் பாட்டை நினைக்க நினைக்க எனக்கு ஒரு விஷயம் துலங்குகிறது. பலர் கூடிப் பாடும்போது அவர்களுக்குள் பொதுவாக அமைவன இரண்டு: ஒன்று மூச்சு; மற்றொன்று காலம். ஓர் அறையிலுள்ள காற்றை எல்லாரும் இழுத்து, அதையே நாதமாக்கி வெளிவிட்டு, ஒருவர் விட்டதை மற்றொருவர் வாங்கிப் பாடுவது முதலாவது. ஒருவர் குரல் மற்றவர் செவியில் அந்தக் கணமே விழ, அவரைக் கேட்டு இவரும் இவரைக் கேட்டு அவரும் தம் ஸ்வரத்தையும் நடையையும் இழைத்துக்கொள்வது இரண்டாவது. நம் வித்வான்கள் லயம் என்று எதைச் சொல்கிறார்களோ அது இந்த இரண்டாவதன்மேல் நிற்பது. மிலானின் குறுகிய வீதிகளில், திறந்த வானத்தின்கீழ், எதிரெதிர்ச் சாளரங்களில் நின்றவர்களுக்கு மூச்சு பிரிந்திருந்தது, காலம் பிரியவில்லை. அதற்கு 444 ஆண்டுகள் கழித்து உலகம் முழுவதையும் கொரோனாப் பெருந்தொற்று பற்றியபோது, விஞ்ஞான சாதனங்கள் அத்தனையும் கைவசம் இருந்தும், பாடகர்களுக்கு அந்த நிலை எளிதில் வாய்க்கவில்லை. அதைத் தேடி அவர்கள் பட்ட பாடுதான் இந்த அத்தியாயம்.

*

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரத்துக்கு வடக்கே மவுண்ட் வெர்னன் என்றோர் ஊர் இருக்கிறது. ஸ்காஜிட் நதி பாயும் செழுமையான பள்ளத்தாக்கு அது. வசந்தம் வந்துவிட்டால் டியூலிப் மலர் வயல்களைக் காண்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து ஜனங்கள் திரளுவார்கள். அவ்வூரில் ஸ்காஜிட் வேலி கோரல் என்னும் பெயருடைய பாடகர் குழு ஒன்று உண்டு. அப்போது அங்கத்தினர் 122 பேர். பெரும்பாலோர் பெண்கள், வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதைக் கடந்தவர்கள், ஊதியம் எதையும் கருதாமல், பாட்டின்மீதுள்ள பிரியம் ஒன்றினாலேயே செவ்வாய்க்கிழமை மாலைதோறும் பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தில் கூடி ஒத்திகை பார்த்து வந்தவர்கள்.

2020 மார்ச் 10-ஆம் தேதியும் அவ்வாறே கூடினார்கள். தொற்றைப் பற்றிய செய்திகள் பரவத் தொடங்கியிருந்தமையால் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் 61 பேர். வாயிலில் கைகளுக்குக் கிருமிநாசினி வைத்திருந்தார்கள். வழக்கமாகக் கட்டித் தழுவிக்கொள்பவர்கள் அன்று தழுவவில்லை. கை குலுக்கவும் இல்லை. வரிசைக்கு இருபது வீதம் ஆறு வரிசை நாற்காலிகள். நாற்காலிக்கும் நாற்காலிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி. மாலை 6:30 மணிக்குத் தொடங்கி 40 நிமிஷம் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். பிறகு இரு பிரிவாகப் பிரிந்து, ஒரு பிரிவினர் வேறோர் அறைக்குப் போய், 50 நிமிஷம் தனித்தனியே பயின்றார்கள். நடுவே 15 நிமிஷ ஓய்வு. ஆரஞ்சுச் சுளைகளும் பிஸ்கட்டும் இருந்தன. மறுபடியும் ஒருங்கு கூடி 45 நிமிஷம் பாடிவிட்டு, அவரவர் அமர்ந்த நாற்காலியை அவரவரே மடக்கிக் கொண்டுபோய் அடுக்கி வைத்துவிட்டு, இரவு 9 மணிக்கு வீடு திரும்பினார்கள். இருமியவர் யாரும் இல்லை. ஒருவருக்கு மட்டும் மூன்று நாளாக ஜலதோஷம் போன்ற குறிகள் இருந்தன என்பது பின்னால் தெரியவந்தது. ஜலதோஷம் எல்லாருக்கும் வருவதுதானே. அந்த மனிதரைக் குறைகூற யாருக்கும் இடமில்லை.

மறுநாள் உலக சுகாதார நிறுவனம் இந்நோயைப் பெருந்தொற்று என்று பிரகடனம் செய்தது. அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் விழலானார்கள். 61 பேரில் 53 பேர் நோயுற்றனர். அவர்களில் 33 பேருக்குப் பரிசோதனை மூலம் அது உறுதியாயிற்று. மற்ற 20 பேரின் நோய்க்குறிகள் வேறொன்றாக இருக்க நியாயமில்லை. மூவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். இருவர் இறந்துபோயினர்.

நோய் தும்மலிலும் இருமலிலும் தெறிக்கும் பெருந்துளிகளாலும், கை தொட்ட இடங்களாலும் மட்டுமே பரவுகிறது; காற்றில் மிதந்து பரவுவதன்று என்பதே அப்போது பலரும் கொண்டிருந்த அபிப்பிராயம். உலக சுகாதார நிறுவனமே மார்ச் 28-ஆம் தேதி அப்படித்தான் அறிவித்தது. ஆனால், கை குலுக்காத, இருமாத, முறைப்படி எல்லாம் செய்த அந்த அறையில், ஆறு பேரில் ஐந்து பேருக்கு மேல் எவ்வாறு நோய் தொற்றிற்று என்னும் கேள்விக்கு அந்த அபிப்பிராயத்தால் விடை சொல்ல முடியவில்லை. குழுவின் அங்கத்தினர்கள் தாங்கள் யார் யார் எங்கே அமர்ந்தோம், எந்த அறைக்குப் போனோம், எப்போது உடம்பு சுட்டது என்பவற்றையெல்லாம் சுகாதார அதிகாரிகளிடமும் ஆராய்ச்சியாளர்களிடமும் ஒளிக்காமல் சொன்னார்கள். மே 12-ஆம் தேதி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தார் அந்த விவரங்களை அறிக்கையாக வெளியிட்டார்கள். காற்றின் போக்கை ஆராயும் நிபுணர்கள், கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் அறைக் காற்றில் தேங்கி நின்றதும், இரண்டரை மணி நேரம் எல்லாரும் நெஞ்சு நிறைய அக்காற்றை இழுத்ததுமே காரணம் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். நோய் காற்றில் பரவுகிறது என்பதை உலகம் ஒப்புக்கொள்வதற்கு முதற் சாட்சிகளாக நின்றவர்களில் இந்தப் பாடகர்களும் இருக்கிறார்கள். இறந்த தோழர்களுக்காகத் துக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையிலேயே ஊருக்குப் பயன்படட்டும் என்று அவர்கள் வாய் திறந்து சொன்னார்களே, அந்தப் பெருந்தன்மைக்கு நாம் எல்லாரும் கடன்பட்டவர்கள்.

மவுண்ட் வெர்னன் ஒத்திகைக்கு இரண்டு நாள் முன்னதாக, மார்ச் 8-ஆம் தேதி, ஹாலந்து தேசத்தில் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கான்செர்ட்கெபௌ அரங்கத்தில், அந்நகரத்துக் கலப்புக் குரல் பாடகர் குழுவொன்று பாக் இயற்றிய யோவான் திருப்பாடுகளைப் பாடிற்று. அக்குழுவின் 130 பேரில் 102 பேர் நோயுற்றார்கள். பாடகர் ஒருவரும், பாடகர்களின் வாழ்க்கைத் துணைவர் மூவரும் மாண்டார்கள். அந்தச் சங்கீதத்தின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குப் பின் வேறோர் ஊரில் அது மறுபடியும் நம் செவியில் விழப்போகிறது.

இச்செய்திகள் பரவப் பரவ, தேவாலயங்களும் பள்ளிக்கூடங்களும் சபாக்களும் பாட்டை நிறுத்தின. மே 5-ஆம் தேதி, அமெரிக்காவில் பாட்டு கற்பிக்கும் ஆசிரியர்களின் தேசியச் சங்கம் கூட்டிய இணையவழிக் கூட்டத்தில், குரல் வைத்தியத்தில் நிபுணரான டாக்டர் லூசிண்டா ஹால்ஸ்டெட், தடுப்பூசியும் நன்கு பயன்தரும் சிகிச்சையும் கிடைக்கும் வரையில் பாடகர்கள் ஒருங்கு கூடி ஒத்திகை பார்ப்பதற்கு அபாயமற்ற வழி ஏதும் இல்லை என்று திட்டமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது இடி விழுந்தாற்போல இருந்தது. பாடுவதையே ஜீவனமாகக் கொண்டவர்களுக்கு வயிற்றுப்பாடு போயிற்று. வாரத்துக்கு ஒரு மாலை நாலு பேரோடு சேர்ந்து பாடுவதே தனிமைக்கு மருந்து என்றிருந்த முதியவர்களுக்கு அதைவிடப் பெரியது போயிற்று என்று நான் எண்ணுகிறேன்.

*

அப்படியும் பாட்டு அடங்கிவிடவில்லை. இத்தாலி தேசத்தில் ஊரடங்கு வந்த முதல் வாரத்திலேயே, சியெனா நகரத்துச் சந்தொன்றில், இரவு வேளையில், இருண்ட சாளரங்களிலிருந்து தங்கள் ஊர்ப் பாட்டை ஒருவர் தொடங்க, மற்றவர்கள் முகம் தெரியாமலே சேர்ந்துகொண்ட காட்சியை உலகம் பார்த்தது. மிலான் வீதியின் பழைய ஞாபகம் அந்தத் தேசத்தின் கற்சுவர்களில் ஒட்டிக்கொண்டிருந்தது போலும்!

குறுகிய வீதியும் எதிர்ச்சாளரமும் வாய்க்காதவர்கள் கணினியின் முன் அமர்ந்தார்கள். ஜூம் முதலிய சாதனங்களில் ஐம்பது முகம், நூறு முகம் ஒரே திரையில் தோன்றின. முதல் நாள் உற்சாகத்தில் எல்லாரும் ஒருங்கே வாய் திறந்தபோதுதான் விபரீதம் தெரிந்தது. ஒருவர் குரல் பொட்டலம் பொட்டலமாகப் பிரிந்து, பல ஊர்க் கம்பிகளின் வழியே சுற்றி, மற்றவர் வீட்டில் மீண்டும் சேர்ந்து ஒலிப்பதற்குள், கால் நொடியோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ கழிந்துவிடும். பேச்சுக்கு அது பெரிய தடையன்று, பாட்டுக்கோ சர்வநாசம். எதிராளியின் தாளத்துக்காக இவர் தாமதிக்க, இவர் தாமதித்ததைக் கேட்டு அவர் இன்னும் தாமதிக்க, நாலு ஆவர்த்தனத்துக்குள் பாட்டு சேற்றில் இறங்கிய வண்டியாகிவிடும். இதுவும் போதாதென்று, பேச்சுக்கென்றே அமைந்த அந்தச் சாதனங்கள், நீண்டு ஒலிக்கும் நாதத்தை மின்விசிறியின் இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும் சுபாவமுடையவை. கடல் கடந்த ஊர்களிலிருக்கும் குழந்தைகளுக்குத் திரை வழியே கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் நம் ஆசிரியர்கள், தம்புரா ஒலி ஒரு நிமிஷம் கேட்டு, பிறகு தேய்ந்து மறைவதைக் கண்டு தவித்திருப்பார்கள். சுருதியைத் தாயென்றும் லயத்தைத் தந்தையென்றும் சொல்வது நம் மரபு. திரைக்கு முன் பாட அமர்ந்தவன் இருவரையும் இழந்த பிள்ளையாக இருந்தான்.

ஆதலால், நடத்துபவர் ஒருவர் மட்டும் பாட, மற்ற அனைவரும் தம் ஒலிவாங்கியை மௌனமாக்கிவிட்டுத் தத்தம் வீட்டில் பாடுவது என்ற ஏற்பாட்டுக்குப் பெரும்பாலான குழுக்கள் வந்து சேர்ந்தன. பிரிட்டனில் ஜேம்ஸ் சில்ஸ் என்பவர் தொடங்கிய ‘சோபா பாடகர்கள்’ என்னும் கூட்டம் இந்த வழியில்தான் பல தேசத்தாரை ஒன்று சேர்த்தது. தொலைக்காட்சியின் மூலம் அந்நாடு முழுவதும் அறிந்த கேரத் மலோனும் வீட்டிலிருந்தே பாடும் பெருங்குழுவொன்றைக் கூட்டினார். நூறு வாய்கள் அசைவது தெரியும். காதில் விழுவது தன் குரல் ஒன்றே. தோளோடு தோள் நின்று பாடும்போது அடுத்தவர் குரலில் சாய்ந்துகொண்டு போன எத்தனையோ பேர், தம் குரலை முதன்முறையாகத் தனியே கேட்டுக் கூசிப்போனார்கள். ஆயினும், திரையில் தெரிந்த முகங்களுக்காகவே வாராவாரம் வந்தார்கள். பாட்டுக்கு முன் அரைமணி நேரம் ஒருவரையொருவர் க்ஷேமம் விசாரித்துக்கொள்வதே பெரிதாக இருந்தது.

காலத்தை இழந்தால் என்ன, அதைப் பின்னால் செய்துகொள்ளலாம் என்று துணிந்தவர்களும் உண்டு. இவ்வழியைப் பெருந்தொற்றுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்தவர் எரிக் விட்டேகர் என்னும் அமெரிக்க இசை இயற்றுநர். பாடகர் ஒவ்வொருவரும் செவியில் குழாயை மாட்டிக்கொண்டு, அதில் வரும் தாளத்துக்கும் நடத்துபவரின் சைகைக்கும் இசையத் தனியே பாடிப் பதிவு செய்து அனுப்புவார்கள். வந்த பதிவுகளையெல்லாம் நுணுக்கமாக வரிசைப்படுத்தி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஒருவரையொருவர் கண்டறியாதவர்களின் பெருங்குரல் எழும். 2010-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முதற் காணொளியில் 12 நாட்டைச் சேர்ந்த 185 குரல்கள் இருந்தன. 2020 ஜூலை 19-ஆம் தேதி, பெருந்தொற்றை முன்னிட்டே அவர் இயற்றிய ‘சிங் ஜென்ட்லி’ வெளியானபோது, அதில் பாடியவர்கள் 129 நாடுகளைச் சேர்ந்த 17,572 பேர். துணி அலமாரிக்குள் புகுந்துகொண்டு பாடியவர்கள் உண்டு. நள்ளிரவில் வீட்டார் உறங்கிய பின் பாடியவர்கள் உண்டு. அந்தக் குரற்கடலைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால், ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பெரிய சேர்ந்திசையை அதில் பாடிய ஒருவர்கூடப் பாடும்போது கேட்கவில்லை. அங்கே லயம் பிறந்தது பாடகர்களிடையே அன்று. பதிவுகளைத் தைத்தவர்களின் மேஜையில்.

*

இனி, முன்னே சொன்ன யோவான் திருப்பாடுகளுக்கு வருவோம். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துத் தோமா ஆலயம், 1723 முதல் 1750-இல் தாம் மரிக்கும் வரையில் பாக் சங்கீதத் தலைமை வகித்த ஆலயம். 1950 முதல் அவருடைய எலும்புகள் அடக்கமாயிருப்பதும் அங்கேதான். 1212-ஆம் ஆண்டில் தொடங்கிய சிறுவர் பாடகர் குழு இன்றளவும் அங்கே பாடி வருகிறது. பெரிய வெள்ளியன்று திருப்பாடுகளைப் பாடுவது அவ்வூரின் நெடுநாள் வழக்கம். 1724-ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று யோவான் திருப்பாடுகள் முதன்முதல் ஒலித்ததும் அதே நகரத்தின் நிக்கோலஸ் ஆலயத்தில்தான்.

2020-ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளி ஏப்ரல் 10-ஆம் தேதி வந்தது. சிறுவர்கள் இல்லை, வாத்திய கோஷ்டி இல்லை, நூற்றுக்கணக்கான இருக்கைகள் வெறுமையாய்க் கிடந்தன. பாக்கின் சமாதியைச் சுற்றி மூன்றே பேர் இருந்தனர்: ஐஸ்லாந்து தேசத்தவரான பெனெடிக்ட் கிரிஸ்ட்யான்சன் என்னும் பாடகர், ஹார்ப்சிகார்டும் ஆர்கனும் வாசித்த எலினா அல்பாக், தாள வாத்தியங்களுடன் பிலிப் லம்பிரெக்ட். சுவிசேஷகர், இயேசு, பிலாத்து, பேதுரு, கூச்சலிடும் கும்பல் ஆகிய அத்தனை பேர் மொழியையும் அந்த ஒற்றைக் குரலே ஏற்றது. ஒரு பெருங்கூட்டம் முழங்க வேண்டிய இடத்தில் ஒருவர் முணுமுணுத்தும், மேளத்தின் அதிர்வோடு கதறியும் பாடியதைக் கேட்டபோது, அந்தச் சங்கீதத்தின் எலும்புக்கூட்டையே காண்பது போன்ற உணர்ச்சி எனக்கு உண்டாயிற்று. அன்றைய நிலைக்கு அதைவிடப் பொருத்தமான உருவம் அதற்கு அமைந்திருக்க முடியாது.

அதன் நடுநடுவே கோரல் எனப்படும் ஞானப்பாட்டுகள் வரும். இவை வித்வான்களுக்கென்று அமைந்தவையல்ல. சபையார் அனைவரும் சிறு பிராயம் முதல் அறிந்த மெட்டுகள். தமிழ் வாசகர்களுக்கு இவை அந்நியமும் அல்ல. தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய ஐயர்மார் காலத்திலும், சென்னை வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியஸ் ஐயர் காலத்திலும் இத்தகைய பாட்டுகள் பல தமிழாக்கப்பட்டு, அதே ஜெர்மானிய மெட்டுகளில் நம் லுத்தரன் சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. லைப்சிக் ஆலயத்தில் அன்று அப்பாட்டுகளைப் பாட, அம்மூவரைத் தவிர, ஒருவருக்கொருவர் விலகி நின்ற ஒரு சிறு குழுவே இருந்தது. ஆனால், அன்று பாட வேண்டிய கோரல்களின் இசைத்தாள்களை முன்கூட்டியே இணையத்தில் கிடைக்கும்படி செய்து, ஒளிபரப்பைப் பார்ப்பவர்கள் எங்கிருந்தாலும் தத்தம் வீட்டிலிருந்து சேர்ந்து பாட வேண்டும் என்று அழைப்பு விடுத்திருந்தார்கள். உலகின் பல பாகங்களிலுள்ள பாக் பாடகர் குழுக்கள் தாங்கள் தனித்தனியே பதிந்து இணைத்த கோரல்களையும் அனுப்பியிருந்தன.

அன்று மாலை 3 மணிக்கு, ஒவ்வொரு கோரல் வந்தபோதும், சமையலறையில் நின்றவர்களும் நோய்ப்படுக்கையில் கிடந்தவர்களும் தாளைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். அவர்கள் குரல் லைப்சிக்குக்குக் கேட்கவில்லை. அடுத்த வீட்டுக்கும் கேட்டிராது. ஆனாலும், தைத்துச் சேர்த்த பாட்டில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. இதோ இந்த நிமிஷத்தில் இதே அடியை எங்கெங்கோ இருப்பவர்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நிச்சயம் பாடியவர் நெஞ்சில் இருந்தது. செவி கேளாத சேர்ந்திசை என்று அதைச் சொல்லலாமா? தெய்வத்தின் செவிக்கு அது ஒரே பாட்டாகக் கேட்டிருக்கும் என்று சபையார் நம்பினால், அந்த நம்பிக்கையைப் பக்தி என்று மாத்திரமல்ல, சங்கீதம் என்றும் நான் மதிப்பேன்.

*

அதற்குள் விஞ்ஞானிகள் பாட்டை அளக்கத் தொடங்கியிருந்தார்கள். முனிச்சில், பவேரிய வானொலிப் பாடகர் குழுவைச் சேர்ந்த பத்துப் பேரை மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் அழைத்து, மின்சிகரெட்டின் ஆவியை இழுத்துக்கொண்டு, பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் வரும் ஆனந்தப் பாட்டின் மெட்டைப் பாடச் சொன்னார்கள். வாயிலிருந்து நாதத்தோடு வெண்புகையும் வந்தது. அது எவ்வளவு தூரம் போகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்த எழுத்தைச் சொல்லும்போது வேகமாகப் பாய்கிறது என்பதைப் படம் பிடித்தார்கள். முன்புறம் 2 முதல் 2.5 மீட்டரும், பக்கங்களில் 1.5 மீட்டரும் விட்டு நிற்க வேண்டும்; அறைக் காற்று இடைவிடாது மாற வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதுவரை கண்ணில் படாதிருந்த பாட்டின் மூச்சு, அந்தப் படங்களில் பூவிதழ் விரிவதுபோல விரிந்து கலைவதைக் காணலாம்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தாரும் வைத்தியர்களும் வேறொரு வழியில் ஆராய்ந்தார்கள். காற்றில் தூசியே இல்லாத இடம் எது என்று தேடி, எலும்பு முறிவுச் சிகிச்சைக்கான அறுவை அரங்கத்துக்குள் 25 தொழில்முறைக் கலைஞர்களை ஒவ்வொருவராக வரவழைத்து, பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டை மெல்லவும் நடுத்தரமாகவும் உரக்கவும், பாடியும் வெறுமனே சொல்லியும் காட்டும்படி செய்து, வாய்முன் வைத்த புனலால் நுண்துளிகளை எண்ணினார்கள். ஒரே அளவு உரத்தில் பாடுவதற்கும் பேசுவதற்கும் பெரிய பேதமில்லை; மெல்லிய குரலுக்கும் மிக உரத்த குரலுக்குமே 20 முதல் 30 மடங்கு வரை பேதமுண்டு என்று 2020 ஆகஸ்டில் தெரிவித்தார்கள். கொலராடோவிலும் மேரிலாந்திலும் நடந்த ஆராய்ச்சிகளின் பயனாக, முகக்கவசம், விலகல், 30 நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி அறைக்குக் காற்றூட்டல் என்னும் நியமங்கள் ஏற்பட்டன. பாட்டே குற்றவாளி என்றிருந்த நிலை மாறி, அடைத்த அறையும் நீண்ட நேரமும் உரத்த குரலுமே குற்றவாளிகள் என்பது புலப்பட்டது.

ஆனால், எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு ஆராய்ச்சிச் சாலையில் தோன்றியதன்று. ஒரு வீட்டு வாசலில் தோன்றியது. வர்ஜீனியா மாநிலத்தில் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் பாட்டு கற்பிக்கும் டேவிட் நியூமன் என்னும் பாடகர், மே மாதக் கூட்டத்தில் நிபுணர்கள் சொன்னதைக் கேட்டுச் சோர்ந்திருந்தவர்களில் ஒருவர். மூச்சைப் பிரித்து, காலத்தைப் பிரிக்காமல் இருக்க வழியுண்டா என்று யோசித்த அவருக்குக் காரும் வானொலியும் கண்ணில் பட்டன. பாடகர் ஒவ்வொருவரும் தத்தம் காரிலேயே, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அமர்வது. ஒவ்வொருவர் கையிலும் கம்பியில்லா ஒலிவாங்கி ஒன்றைக் கொடுப்பது. வாசலில் வைத்த கலவைப் பெட்டியில் எல்லாக் குரலையும் சேர்த்து, சிறிய எஃப்.எம். கருவியால் அங்கேயே ஒலிபரப்புவது. அவரவர் கார் ரேடியோவில் அதைக் கேட்டுக்கொண்டே பாடுவது. இவ்வளவுதான் ஏற்பாடு. வானொலி அலைக்குச் செவிக்குப் புலப்படும் தாமதம் என்பதே கிடையாது. பத்துக் காரில் இருந்தாலும் ஒரே அறையில் இருந்தது போலவே குரல்கள் இணைந்தன.

இரண்டு மாதமாகத் தன் குரல் தவிர வேறு குரலோடு சேராதிருந்த ஒருவர், காருக்குள் சாவியைத் திருகி ரேடியோவை வைத்ததும், பழகிய தோழர்களின் நாலு ஸ்தாயிக் குரலும் தம் குரலோடு அந்தக் கணமே பொருந்தி நின்றதைக் கேட்டால் எப்படி இருக்கும்! அழுகையால் தொடர்ந்து பாட முடியாமல் ஸ்டியரிங்கில் தலை சாய்த்தவர்கள் உண்டு. பாட்டு முடிந்ததும் கைதட்டலுக்குப் பதிலாக ஹாரன்கள் முழங்கின. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரைஸ், கேத்ரின் டென்னி தம்பதியர் இந்த வழியைப் பற்றிக்கொண்டு, ஊர் ஊராக மற்றக் குழுக்களுக்கும் கற்பித்தார்கள். பனிக்காலத்திலும், கார்களை வரிசையாக நிறுத்திப் பாட்டு நடந்தது. சாதனங்களோ பழைய சாதனங்கள். அரை நூற்றாண்டுக்கு முன்னிருந்த ஒரு மெக்கானிக்கும் இதைச் செய்திருக்கலாம். புதிய கம்பிகள் தர மறுத்த லயத்தைப் பழைய வானொலி தந்தது.

கணினியை விட்டுவிட மனமில்லாதவர்களும் முயன்று வென்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் என்பவர் பல ஆண்டுகளுக்கு முன்பே, வெவ்வேறு அறையிலுள்ள இருவரைக் கைதட்டித் தாளம் போடச் சொல்லி, இடையே சிறுசிறு தாமதங்களைப் புகுத்திப் பார்த்திருந்தார். தாமதம் பெருகப் பெருக நடை தளர்கிறது. தாமதமே இல்லாத அளவுக்குக் குறைந்தாலோ நடை விரைந்துவிடுகிறது. ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிசெகண்டு வரையில் இருந்தால் தாளம் தன் நிலையில் நிற்கிறது என்று அவர் கண்டார். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதாகையால், ஐந்து மீட்டர் அகலமுள்ள வீதியைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போக ஒரு குரலுக்கு 15 மில்லிசெகண்டு போதும். மிலான் நகரத்து ஜனங்கள் எந்த ஆராய்ச்சியும் இல்லாமலே சரியான தூரத்தில் நின்றிருந்தார்கள்!

சேஃப்பும் அவர் தோழர்களும் ஆக்கிய ஜாக்ட்ரிப், ஜெர்மானியரான வோல்கர் பிஷர் ஆக்கிய ஜாமுலஸ் ஆகிய மென்பொருள்கள், படத்தை விட்டு ஒலியை மட்டும் விரைந்து கடத்தி, ஓரூருக்குள்ளும் அண்டை ஊர்களுக்குள்ளும் இருப்பவர்கள் உண்மையாகவே சேர்ந்து பாடும்படி செய்தன. அறுபது எழுபது வயதானவர்கள் கம்பியையும் ஒலிப்பெட்டியையும் வாங்கிப் பூட்டக் கற்றுக்கொண்டது, அவர்கள் பாட்டின்மேல் வைத்த ஆசைக்கு ஓர் அளவுகோல்.

*

திரும்பி வந்த கதை ஊருக்கு ஊர் மாறுபடும். 2020 டிசம்பரில், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் ஆலயத்தில், 1918-ஆம் ஆண்டு, முதல் உலக யுத்தம் முடிந்த கையோடு தொடங்கிய கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனை, சபையார் ஒருவரும் இன்றி முன்கூட்டிப் பதிவாகி வானொலியில் ஒலித்தது. தடுப்பூசி வந்த பின்பும், இங்கிலாந்தில் 2021 மே மாதத்தில் தொழில்முறையல்லாத பாடகர்கள் கட்டடத்துக்குள் ஆறு பேருக்குமேல் பாடலாகாது என்று அரசாங்கம் விதித்தபோது, விளையாட்டு மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் ஆரவாரிக்க அனுமதித்துவிட்டு எங்கள் வாயை மாத்திரம் கட்டுவது என்ன நியாயம் என்று பாடகர்கள் வெகுண்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். ஜூலை 19-ஆம் தேதி அத்தடை நீங்கிற்று.

முகக்கவசத்தோடும் இரண்டு மீட்டர் இடைவெளியோடும் முதன்முதல் கூடியவர்களுக்குப் பாட்டு உடனே கைவரவில்லை. அடுத்தவர் குரல் தூரத்தில் கேட்டது, மூச்சு குறுகியிருந்தது, சில நாற்காலிகளில் அமர வேண்டியவர்கள் இல்லை. ஆனாலும் நடத்துபவர் கையை உயர்த்தியதும் எல்லாரும் ஒருசேர மூச்சிழுத்த அந்தச் சிறு சப்தம், பாட்டு தொடங்குவதற்கு முன் வரும் அந்தச் சப்தம், திரையில் ஒருநாளும் கேளாதது, மீண்டும் கேட்டது.

லைப்சிக் நகரத்தார், உலகின் நாற்றிசையிலுமுள்ள பாக் பாடகர் குழுக்களையெல்லாம் ஒரே குடும்பமாக அழைத்து 2020 ஜூனில் நடத்த எண்ணியிருந்த பாக் விழா, நின்றுபோன அந்த விழா, இரண்டு வருஷம் கழித்து 2022 ஜூனில் அதே பெயரோடு நடந்தது. பெரிய வெள்ளியன்று ஒற்றைக் குரல் பாடிய ஊருக்குக் கண்டங்கள் கடந்து குழுகுழுவாக வந்தார்கள்.

(தொடரும்)